இலையா, தண்டா? இடத்தைக் கேளுங்கள்

காஷ்மீர் ஏரியிலிருந்து நிகோபார் கடற்கரை வரை செடிகளின் ஒவ்வொரு உறுப்பும் அந்தந்த மண்ணுக்கேற்ப வேலையை மாற்றிக்கொண்டிருக்கிறது. ஓரிடத்துக் காட்டை வெட்டி வேறிடத்தில் ஈடு செய்யலாம் என்ற அரசாங்கக் கணக்கில் இந்தச் செய்திக்கு இடமில்லை.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஆண்டுக்கு ஓரிரு இரவுகள் ஒரு பூந்தொட்டியைச் சுற்றிக் கூட்டம் கூடுகிறது. 'பிரம்ம கமலம்' பூக்கப்போகிறது. சாப்பாட்டு நேரம் முடிந்ததும் மொட்டு விரியத் தொடங்குகிறது. நள்ளிரவில் உள்ளங்கையை மறைக்கும் அளவுக்கு வெள்ளைப் பூ. மாடி முழுக்க வாசனை. சிலர் விளக்கேற்றிக் கும்பிடுகிறார்கள். விடிந்தால் நனைந்த துணி போலத் தொங்கிவிடும். கூட்டத்தில் யாராவது ஒருவர் தவறாமல் சொல்வார்: "இலையிலிருந்தே பூ வருது பாருங்க!"

அதிசயம் ஒன்றுமில்லை. அது இலையே இல்லை, தண்டு. இரண்டாவது திருத்தம்: அது பிரம்ம கமலமும் இல்லை. மெக்சிகோ, மத்திய அமெரிக்கக் காடுகளிலிருந்து வந்த கள்ளி வகை. கேரளத்தில் நிஷாகந்தி என்பார்கள். வறண்ட நிலத்தில் நீரைச் சேமிக்க இலையைக் கைவிட்ட குடும்பம் கள்ளி. அந்தக் குடும்பத்தின் ஒரு கிளை பின்னர் மழைக்காட்டு மரங்களின் மேல் குடியேறியது. அங்கே ஈரம் உண்டு, வெளிச்சம்தான் குறைவு. இலை இருந்தால் நல்லது. ஆனால் விட்ட இலை திரும்பி வரவில்லை. தண்டே தட்டையாக, பச்சையாக, இலை போல அகன்று அந்த வேலையை எடுத்துக்கொண்டது. பள்ளிக்கூடத் தாவரவியல் புத்தகம் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'இலைத்தொழில் தண்டு'. கலைச்சொல்லாக்கத்தில் அபூர்வமாகக் கிடைக்கும் வெற்றி. பெயரைச் சொன்னாலே விஷயம் விளங்கிவிடுகிறது.

அசல் பிரம்ம கமலம் இருப்பது இமயமலையில், 3,500 மீட்டருக்கு மேல். உத்தராகண்டின் மாநில மலர் அது. கேதார்நாத், பத்ரிநாத் கோயில்களில் அர்ச்சனைக்குப் போகிறது. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த அந்தச் செடியிலும் கண் ஏமாறுகிறது. வெளிர் மஞ்சள் நிறத்தில் காகிதம் போல விரிந்திருப்பவை இதழ்கள் அல்ல, பூவடிச் செதில்கள். அதாவது உருமாறிய இலைகள். உண்மையான பூக்கள் சின்னஞ்சிறியவை, கருஊதா நிறத்தில் உள்ளே பொதிந்திருக்கின்றன. ஜூலை முதல் செப்டம்பர் வரை நீடிக்கும் குறுகிய பருவத்தில் மழையும் குளிர்காற்றும் பூக்களைக் கெடுத்துவிடாதபடி மூடிக் காப்பது அந்தச் செதில்களின் வேலை.

ஒரே பெயர், இரண்டு செடிகள். ஒன்றில் தண்டு இலையாகிவிட்டது. மற்றதில் இலை பூவைப் போல வேஷம் கட்டியிருக்கிறது. வேர் உறிஞ்சும், தண்டு தாங்கும், இலை சமைக்கும் என்று மூன்றாம் வகுப்பில் படித்தது தவறில்லை. ஆனால் அது பொது விதி. ஒரு குறிப்பிட்ட செடியில் எந்த உறுப்பு எந்த வேலையைச் செய்யும் என்பதை அது பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்துவரும் இடம்தான் முடிவு செய்திருக்கிறது.

திரும்பி வந்த தாமரை

காஷ்மீரிகளின் விருந்தில் 'நத்ரு' இல்லாவிட்டால் குறை. தயிரில் வேகவைப்பார்கள், மீனோடு சேர்ப்பார்கள், மாவில் தோய்த்துப் பொரிப்பார்கள். நம் சமையலறையில் வற்றலாக வறுபடும் அதே பொருள்தான். தாமரைத் தண்டு என்கிறோம், கிழங்கு என்றும் சொல்கிறோம். சேற்றுக்குள் படுத்தவாக்கில் ஓடும் மட்டநிலத்தண்டு அது. குறுக்கே வெட்டினால் பூ வேலைப்பாடு போல வட்ட வட்டமாகத் துளைகள்.

அந்தத் துளைகள் இல்லாவிட்டால் தாமரை இல்லை. ஏரியின் அடிச்சேற்றில் பிராணவாயு அறவே கிடையாது. மேலே மிதக்கும் இளம் இலைகள் வெயிலில் சூடாகும்போது அவற்றுக்குள் காற்றழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் காற்று காம்பு வழியாகக் கிழங்குக்கு இறங்கி, சுற்றிவந்து, வேறு வழியாக வெளியேறுகிறது. மின்சாரம் இல்லாமல் ஓடும் பம்பு. தரையில் வாழும் பெரும்பாலான செடிகளுக்கு இலைத்துளைகள் அடிப்பக்கத்தில் அதிகம். தாமரை இலைக்கு அவை மேல்பக்கத்தில். அடிப்பக்கம்தான் தண்ணீரில் கிடக்கிறதே.

பந்திபோரா மாவட்டத்தில் உள்ள வுலர் ஏரி நத்ருவுக்குப் பேர்போனது. 1992-ல் வந்த வெள்ளம் ஜீலம் நதியின் வண்டலைக் கொண்டுவந்து அங்கே கொட்டியது. தாமரை அதன் அடியில் புதைந்துபோனது. ஏறத்தாழ ஒரு தலைமுறைக்குப் பூ இல்லை, நத்ரு இல்லை, அதை அறுத்துப் பிழைத்தவர்களுக்கு வேலையும் இல்லை. ஏரியை மீட்கும் முயற்சியில் சில ஆண்டுகளாக வண்டலைத் தூர்வாரினார்கள். ஏரிக்குள் நட்டு வளர்க்கப்பட்டிருந்த வில்லோ மரங்களையும் பெருமளவில் வெட்டினார்கள். வண்டலைப் பிடித்துவைத்து ஏரியைத் தரையாக்கிக்கொண்டிருந்தவை அந்த மரங்கள். தாமரை மீளும் அறிகுறி தெரிந்ததும் விதையும் தூவினார்கள். 2025 கோடையில் வுலரில் மீண்டும் தாமரை பூத்தது.

தாமரை விதைக்குப் பொறுமை அதிகம். சீனாவில் ஒரு பழைய ஏரிப் படுகையில் கிடைத்த, சுமார் 1,300 ஆண்டு வயதான விதை முளைத்திருக்கிறது. வுலரின் 30 ஆண்டுகள் அதற்கு முன் எம்மாத்திரம்? மரத்தை வெட்டியதால் மீண்ட இயற்கை என்பது பசுமைப் பிரசாரங்களில் காணக் கிடைக்காத செய்தி.

வெயிலில் துளிர்க்கும் மரம்

தண்ணீர் தளும்பும் வுலரிலிருந்து தெற்கே, ராஜஸ்தானின் தார் பாலைக்கு வந்தால் கேள்வியே தலைகீழாகிறது. இங்கே காற்றுக்குப் பஞ்சமில்லை. தண்ணீர் எங்கே?

'கேர்' என்ற புதர் அதற்கு ஒரு வழி கண்டது. அதற்கு இலை என்று பெயருக்கு ஏதோ முளைத்து, சில நாளில் உதிர்ந்துவிடும். இலை இருந்தால் நீர் ஆவியாகும். பச்சைக் குச்சிகளே உணவு தயாரிக்கின்றன. மாடித் தொட்டியில் இருக்கும் கள்ளியும் கேரும் உறவில்லை. பாலை கேட்ட அதே கேள்விக்கு அதே பதிலைத் தனித்தனியாகக் கண்டுபிடித்தவை.

'கேஜ்ரி' மரம் வேறு வழியில் போயிற்று. அது இலையை விடவில்லை, மிகச் சிறிதாக்கிக்கொண்டது. ஆணிவேரைக் கீழே இறக்கியது. 30 மீட்டர் ஆழம்வரைகூடப் போகும் வேர் அது. அதனால்தான் சுற்றிலும் எல்லாம் கருகிக் கிடக்கும் கோடையில் கேஜ்ரி பசேலென்று நிற்கிறது. இலை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீவனம். காய், 'சாங்க்ரி' என்ற பெயரில் கேர் காயோடு சேர்ந்து மார்வாரிச் சமையலின் அடையாளமாகிவிட்டது. நிழலில் கம்பு விளைகிறது. கம்பின் வேர் மேல்மண்ணில், மரத்தின் வேர் பாதாளத்தில். தண்ணீருக்காக இரண்டும் மோதிக்கொள்வதில்லை. போதாததற்கு, கேஜ்ரி மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கிறது.

தமிழர்களுக்கு இது அந்நிய மரமல்ல. வன்னி என்று கோயில்களில் வலம் வருகிறோமே, அதேதான். பாண்டவர்கள் அஞ்ஞாத வாசத்தின்போது ஆயுதங்களை ஒளித்துவைத்ததாக மகாபாரதம் சொல்லும் மரம்.

ராஜஸ்தானில் பிஷ்னோய் சமூகத்தினருக்கு அது உயிருக்குச் சமம். 1730-ல் ஜோத்பூர் மகாராஜா அபய்சிங்கின் ஆட்கள் அரண்மனைக் கட்டடத்துக்குச் சுண்ணாம்பு சுடுவதற்காகக் கேஜ்ரி மரங்களை வெட்ட கேஜ்ரலி கிராமத்துக்கு வந்தார்கள். அம்ரிதா தேவி என்ற பெண் மரத்தைக் கட்டிக்கொண்டார். மரத்தோடு சேர்த்து வெட்டப்பட்டார். அவரைத் தொடர்ந்து உயிர்விட்டவர்களையும் சேர்த்து 363 பேர். 1983-ல் கேஜ்ரி ராஜஸ்தானின் மாநில மரமானது.

இப்போது கோடரி வந்திருப்பது சுண்ணாம்புக்காக அல்ல, சூரிய மின்சாரத்துக்காக. ஜோத்பூர் பக்கம் பத்லாவில் மட்டும் 5,700 ஹெக்டேரில் 2,245 மெகாவாட் திறனுள்ள சூரிய மின் பூங்கா இருக்கிறது. பிகானேர் பகுதியில் இத்தகைய திட்டங்களுக்காகக் கேஜ்ரி வெட்டப்படுவதை எதிர்த்து அண்மை ஆண்டுகளில் மக்கள் போராடினார்கள். நிலக்கரியைக் குறைக்கச் சூரிய மின்சாரம் வேண்டும் என்பதில் சண்டையில்லை. வெட்டிய மரத்துக்குப் பதிலாகக் கன்று நடுவோம் என்ற பதிலில்தான் சிக்கல். மெதுவாக வளரும் மரம் கேஜ்ரி. தோண்டி எடுத்துவந்து நட்டால் அதன் முக்கிய உறுப்பு பள்ளத்திலேயே தங்கிவிடும்.

அவசரத்துக்கு வேகமாக வளரும் மரம் நட்ட கதையும் நமக்குத் தெரியும். 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சீமைக் கருவேலம், கேஜ்ரியின் தூரத்து உறவு. பாலையைத் தடுக்கும், விறகு தரும் என்று நட்டார்கள். குஜராத்தின் பன்னி புல்வெளியில் ரண் பகுதியின் உப்புநிலம் முன்னேறாமல் தடுக்க 1960-களில் நட்டது, புல்லை விழுங்கி மேய்ச்சல்காரர்களைத் தவிக்கவிட்டது. ராமநாதபுரத்துக்காரர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

மூச்சு விடும் வேர்

பாலையின் கேஜ்ரி வேரைக் கீழே கீழே அனுப்பியது என்றால், நாட்டின் மறுகோடியில் மேற்கு வங்கத்தின் சுந்தரவனத்தில் வேர்கள் மேல்நோக்கி வருகின்றன. சேற்றில் கால் வைத்தால் குத்துவது முள் இல்லை, வேர். வெண்கண்டல் மரத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கில் பென்சில் நட்டுவைத்த மாதிரி நிற்கும். சுவாச வேர்கள். தினம் இரண்டு முறை கடல் ஏறி இறங்கும் சேற்றிலும் பிராணவாயு இல்லை. நீர் வடியும் நேரத்தில் இந்த வேர்கள் நுண்துளைகள் வழியாகக் காற்றை இழுத்துக்கொள்கின்றன. தாமரை இலையை வைத்து முடித்த வேலையை வெண்கண்டல் வேரை வைத்து முடிக்கிறது.

அடுத்த தொல்லை உப்பு. கண்டல் மரம் உப்பில் பெரும்பகுதியை வேரிலேயே வடிகட்டி வெளியே நிறுத்திவிடும். வெண்கண்டல் கொஞ்சம் உள்ளே விட்டு, இலையில் உள்ள சுரப்பிகள் வழியாக வெளியேற்றும். இலையை நக்கிப் பார்த்தால் கரிக்கும். பிள்ளைப்பேறும் இங்கே தனி விதம். விதை விழுந்தால் அலை அடித்துப் போய்விடும் என்பதால் கண்டலில் விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டு தொங்கி, நாற்றாகவே சேற்றில் விழுகிறது.

இத்தனை ஏற்பாடுகள் இருந்தும் அளவு மீறினால் தாங்காது. சுந்தரவனத்துக்குப் பெயர் தந்ததாகச் சொல்லப்படும் சுந்தரி மரம் நன்னீர் கலந்த இடத்தில்தான் செழிக்கும். மேலிருந்து வரும் ஆற்று நீர் குறைந்து உப்பு ஏறிய இந்தியப் பகுதியில் அது அரிதாகிவிட்டது. வங்கதேசப் பகுதியில் உச்சியிலிருந்து பட்டுப்போகும் நோய் அதை வாட்டுகிறது. யாரும் கோடரி எடுக்கவில்லை. மேலே தண்ணீரின் போக்கு மாறினால் கீழே மரம் மாறுகிறது.

இந்தக் காட்டுக்குத் தமிழில் 'அலையாத்தி' என்று பெயர் வைத்தவர்கள் அலையை ஆற்றும் அதன் வேலையைக் கண்ணால் பார்த்தவர்கள். 1999 அக்டோபர் 29-ல் ஒடிஷாவைத் தாக்கிய பெரும்புயலில் சுமார் 10,000 பேர் மாண்டார்கள். கேந்திரபாரா மாவட்டத்துக் கிராமங்களை ஆராய்ந்து 2009-ல் வெளியான ஓர் ஆய்வு, தமக்கும் கடலுக்கும் நடுவே அகலமான அலையாத்திக் காடு இருந்த கிராமங்களில் சாவு குறைவாக இருந்ததைக் காட்டியது. வேர்களின் பின்னலுக்கு மனித உயிர்க் கணக்கில் மதிப்பு கிடைத்தது.

பேயின் கூடை

சுந்தரவனத்துக்கு வடகிழக்கே, வங்கதேசச் சமவெளியைத் தாண்டியதும் சுவர் போல எழுகின்றன மேகாலய மலைகள். சிரபுஞ்சியில் ஆண்டுக்கு 11,000 மி.மீ.க்கும் அதிகமாக மழை கொட்டுகிறது. காற்றும் உண்டு, நீரும் உண்டு. ஆனால் அவ்வளவு மழை மண்ணில் உள்ள சத்தைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறது.

பட்டினி கிடக்கும் மண்ணில் ஒரு செடி இலையைத் தூண்டிலாக்கியது. இலை நுனி கொடியாக நீண்டு, அதன் முனை மூடி போட்ட குடுவையாகிறது. உட்காரும் பூச்சி விளிம்பில் வழுக்கி உள்ளே விழுந்தால் செரிமான நீரில் கரைகிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் செடிக்குக் கிடைக்கின்றன. வேர் செய்ய வேண்டியதில் பாதியை இலை செய்துவிடுகிறது. இந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே நெப்பந்தஸ் இனம் இது. காரோ மக்கள் 'பேயின் கூடை' என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். தெற்கு காரோ மலையின் பாக்மராவில் அதற்கென்றே ஒரு சரணாலயம் இருக்கிறது. அழகுக்காகத் தோண்டி எடுத்து விற்பது ஒருபுறம், நிலக்கரிச் சுரங்கங்கள் மறுபுறம் என்று அதன் இடம் சுருங்கிவிட்டது. எலிவளைச் சுரங்கங்களுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014-ல் தடை விதித்த பிறகும் அவை பற்றிய புகார்கள் ஓயவில்லை.

அதே மலையில் காசி மக்கள் செடியின் உறுப்பு ஒன்றுக்குப் புது வேலையே கொடுத்திருக்கிறார்கள். நம் வீட்டு வரவேற்பறைகளில் பளபளக்கும் ரப்பர் செடி அங்கே ஆற்றங்கரை மரம். அதன் விழுதுகளை ஓடைக்குக் குறுக்கே இழுத்து, மறுகரையில் ஊன்றவைத்து, பின்னி வளர்த்தால் 15, 20 ஆண்டுகளில் நடக்கத் தகுந்த பாலமாகிறது. மூங்கில் பாலம் அந்த மழையில் மக்கிவிடும். உயிருள்ள வேர், நாளாக ஆக உறுதியாகும். யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இந்தப் பாலங்கள் 2022-ல் இடம்பெற்றன. மரத்தை நட்டவர் பெரும்பாலும் பாலத்தில் நடப்பதில்லை. பேரன் நடக்கிறான்.

ஒரு மீட்டர் வித்தியாசம்

செடிக்கும் இடத்துக்கும் உள்ள இந்த ஒப்பந்தம் எவ்வளவு நுட்பமானது என்பதை 2004 டிசம்பர் 26 காட்டியது. சுனாமியைக் கிளப்பிய நிலநடுக்கம் அந்தமான் நிகோபார் தீவுகளையே ஒரு பக்கம் தூக்கி, மறுபக்கம் அமுக்கியது. தெற்குக் கோடியில் இந்திரா முனை 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடிப்பாகம் கடலுக்குள் போனது. வட அந்தமானின் மேற்குக் கரை ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்தது.

இரண்டு இடத்திலும் அலையாத்தி மரங்கள் செத்தன. நிகோபாரில் சுவாச வேர்கள் நிரந்தரமாக நீருக்கடியில் போய் மூச்சுத் திணறின. வட அந்தமானில் கடல் ஏறி வராமல் வேர்கள் காய்ந்தன. வேரும் இலையும் நாற்றும் அதே மாதிரிதான் இருந்தன. இடம்தான் கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே நகர்ந்திருந்தது. பிறகு புதிதாக உருவான சேற்றில் அவை மெல்ல மெல்ல இடம்பிடித்து வருகின்றன.

இதே கிரேட் நிகோபாரில்தான் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், நகரம் எல்லாம் அடங்கிய பெருந்திட்டத்துக்கு 2022-ல் அரசு அனுமதி கிடைத்தது. அதற்குத் தேவைப்படும் காடு சுமார் 130 சதுர கி.மீ. நாட்டின் பாதுகாப்புக்கும் வணிகத்துக்கும் திட்டம் அவசியம் என்பது அரசின் வாதம். அந்த வாதம் தனி. இழக்கும் காட்டுக்கு ஈடாக மரம் நடத் தேர்ந்தெடுத்த இடம் ஹரியாணா. தீவுகளின் பெரும்பகுதி ஏற்கெனவே காடாக இருப்பதால் வேறு மாநிலத்தில் நட விதி இடம் தருகிறது. காகிதத்தில் பரப்பளவு சரியாகிவிடுகிறது.

2,500 கிலோமீட்டருக்கும் அப்பால், நிகோபாரில் பெய்யும் மழையில் மூன்றில் ஒரு பங்குகூட எட்டாத ஆரவல்லிச் சரிவில் நிகோபாரின் எந்தச் செடி வளரும்? மணலில் முட்டு வேர்களைச் சுற்றிலும் ஊன்றி நிற்கும் தாழை வகை மரம் நிகோபாரிகளுக்கு உணவு. அதன் பழத்தை வேகவைத்துக் களியாக்கி உண்கிறார்கள். அந்த முட்டு வேருக்கு ஹரியாணாவில் என்ன வேலை இருக்கிறது? ஆரவல்லிக்கும் மரம் வேண்டும், மறுப்பதற்கில்லை. அது ஆரவல்லியின் மரமாக, ஆரவல்லிக்காக நடப்படவேண்டும். நிகோபாரின் கணக்கை நேர்செய்ய அல்ல.

நிலங்களை ஐந்தாக வகுத்த பழந்தமிழர் அவற்றுக்கு வைத்த பெயர்கள் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை. ஐந்துமே செடி கொடி மரங்களின் பெயர்கள். எம்.ஏ. வகுப்பில் இதைப் பாடமாகப் படித்துத் தேர்வில் எழுதியபோது கவித்துவம் என்றே தோன்றியது. இன்று பார்த்தால் நில அளவைத் துறைக்கே உதவக்கூடிய செய்தியாக இருக்கிறது. இடத்தையும் செடியையும் பிரித்துப் பெயரிட அவர்களுக்குத் தோன்றவில்லை.

இனி எங்காவது ஒரு மரத்துக்குப் பத்து மரம் நடுவதாக அறிவிப்பு வந்தால் கேட்கவேண்டியவை மூன்று கேள்விகள்தாம். எந்த மரம்? எந்த மண்? எந்தத் தண்ணீர்? எண்ணிக்கையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வுலரில் தாமரைக்கு யாரும் மாற்று ஏரி தேடவில்லை. அதன் மேல் கிடந்த வண்டலை அள்ளி, அதன் இடத்தை அதற்கே திருப்பிக் கொடுத்தார்கள். மறுபடியும் நத்ரு அறுக்கப் படகுகள் போகின்றன.